அப்பா ஊதிய கதை

சிரஞ்சீவி ஸ்ரீநாத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மயிலாப்பூரில் நானும் அப்பாவும் சௌக்கியம், மழை இரண்டு நாள் பெய்துவிட்டு நின்றுவிட்டது, குழாயில் தண்ணீர் வருகிறது. கடல் தாண்டிப் பெர்த்தில் நீ சௌக்கியமாக இருப்பதாகத்தான் நீ அனுப்பிய போட்டோ சொல்கிறது. பந்தயக் காரில் சாய்ந்துகொண்டு ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் பீர் டின். டின்னைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அப்பா. போனில் கேட்டதற்கு, ஓட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதாம்மா, கை நடுங்காம இருக்கும், இங்க எல்லாரும்தான் குடிக்கறா என்றாய். மேலே கேட்டால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

உன்னைத் திட்ட முடியாத கோபத்தை அப்பா உள்ளூரிலேயே செலவழித்துவிட்டார். உன்னோடு ஸ்கூலில் படித்த கபாலி இருக்கிறானே, கே.கே. நகரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், நம் காரையும் அவன்தான் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே டிராக் ரேஸ் நடத்துகிறான். லஸ் கார்னரிலிருந்து கோவில் குளத்துக்கு வருகிற தூரம்தான் இருக்கும், இரண்டு கார் ஜோடியாக நின்று, கண் மூடித் திறப்பதற்குள் அதைக் கடந்து, அங்கே ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்காமல் திரும்பி வருகின்றன. அவனுக்கும் உன் மாதிரி ஆட்களால்தான் தலைவலி. பசங்க தண்ணி போட்டுக்கினு வண்டி எடுக்கறானுங்க அங்கிள், நான் சொன்னா கேக்க மாட்டேன்றானுங்க, நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லுங்க என்று அப்பாவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் பார்த்து ரிட்டையரானவரிடம் நாலு வார்த்தை கேட்கலாமா? நாலு பக்கம் தயார் செய்துவிட்டார். பேச்சு மட்டும் போதாது, குடித்திருக்கிறார்களா என்று ஊதிப் பார்க்கிற மிஷின் வேண்டும், அது கத்தினால் யாராக இருந்தாலும் சாவியைக் கபாலியிடம் கொடுத்துவிட வேண்டும், அன்று முழுக்க ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவரும் அவரே.

போன ஞாயிறு என்னையும் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப் போனார். வெயிலில் பையன்கள் வாடி வதங்கும்வரை பேசினார். பேசி முடித்து, கபாலி கொடுத்த மசால்வடையை மரியாதைக்காகத் தின்றுவிட்டு, வயிறு உப்புசமாக இருக்கிறது என்றார். அவருடைய தசமூலாரிஷ்டம்தான் எப்போதும் என் பையில் இருக்குமே, மூடியில் இரண்டு தடவை ஊற்றிக் கொடுத்தேன். அதற்குள் மிஷின் வந்துவிட்டது. யாரும் கிட்டே வரவில்லை. பயப்படாதீங்கோ, முதல்ல நானே ஊதிக் காட்டறேன் என்று அப்பா வாங்கி ஊதினார். அது ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. விசில் பறந்தது. மாமா, இன்னா பிராண்டு என்று ஒருவன் கேட்டான். அது அரிஷ்டம்டா, மருந்து என்று அப்பா சொல்ல, நமக்கும் அது மருந்துதான் மாமா என்றான் இன்னொருவன். புளிக்கவைத்துச் செய்கிற அரிஷ்டத்தில் போதைச் சத்து உண்டு என்று தெரியாமல், கல்யாணமான நாளிலிருந்து என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், நான் யாரைக் குறை சொல்ல? அப்பா விடவில்லை. ரெண்டே மூடிதான், நான் நிதானமாத்தான் இருக்கேன், என்னால ஓட்ட முடியும் என்று சத்தம் போட்டார். குடித்தவர்கள் சொல்கிற அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது, சட்டென்று நிறுத்திவிட்டார். வுடுங்க அங்கிள், கொஞ்ச நேரம் கழிச்சு வாய் கொப்புளிச்சுட்டு ஊதுனா சரியாப்பூடும் என்றான் கபாலி. அப்பா பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் தாங்களாகவே வந்து ஊதினார்கள், இரண்டு பேர் சாவியைக் கொடுத்தார்கள், மற்றவர்கள் நைசாக நழுவிவிட்டார்கள். உலகம் திருந்திவிட்டது என்று நான் எழுதவில்லை. கபாலிதான் எங்களைக் கொண்டுவந்து விட்டான்.

இதைப் படித்து நீ சிரிப்பாய், சிரி. ஆனால் ஆத்துக்கு வந்து காபி குடித்துக்கொண்டே அப்பா சொன்னதைக் கேள். அந்த மிஷின் கத்தலேன்னா உலகமே வந்து சொன்னாலும் நான் ஒத்துண்டிருக்க மாட்டேன், அவனும் என் பிள்ளைதானே, எப்படி ஒத்துப்பான் என்றார். அப்போதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது ஸ்ரீநாத். அப்பா கையிலிருந்து சாவியை வாங்க இங்கே கபாலி இருந்தான். அங்கே உன் கையிலிருந்து வாங்க யார் இருக்கிறார்கள்? என் கை அவ்வளவு தூரம் எட்டாது. நீ ஜெயித்தாய் என்று யாரிடமும் பெருமையடிக்க எனக்கு ஆசையில்லை, தினம் தோற்றுவிட்டுக்கூட வா, முழுசாக வா.

தீர்க்காயுசாக இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெளியில் வாங்கித் தின்பதைக் குறை. குடித்துவிட்டாயானால் சாவியைத் தொடாமல் எங்களுக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன், ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். மறுநாள் திட்டுவேன். திட்டு வாங்கிக்கொள்ள நீ இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சுப்புலக்ஷ்மி