நலமான எச்சில்

செவ்வாய், மூன்றாம் பனிச் சுரங்க முகாம். பரிசோதனைக்கூடப் பதிவேடு. எழுதுபவர்: உமையாள், உயிர்வேதியியல்.

நாள் 402. காலை 08:10

கூடத்தின் வெப்பம் 21. காற்றழுத்தம் சரி. குளிர்பெட்டி சரியில்லை. நேற்று ஆறு மணி நேரம் மின்சாரம் நின்றதில் பூமியிலிருந்து கொடுத்தனுப்பிய ஒப்பீட்டு எச்சில் பன்னிரண்டு குப்பியும் கெட்டுப்போயின.

இதை யார் எடுத்துப் படிப்பாரோ, அதனால் விளக்கிவிடுகிறேன். இங்கே நாற்பத்தொரு பேர் பனி வெட்டுகிறார்கள். முகமூடிக்குள் புகைக்க வழியில்லை என்று புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுரங்கத்தில் இறங்குகிறார்கள். வாய்ப்புற்று வந்தால் அறுத்து எடுக்க இங்கே ஆளில்லை. ஆனால் புண் கண்ணுக்குத் தெரியும் முன்பே எச்சிலில் சில புரதங்கள் கூடிவிடும். என் கருவி அவற்றை நலமான ஒருவரின் எச்சிலோடு ஒப்பிட்டு ஓர் எண் தரும். ஒன்று என்றால் இயல்பு. இரண்டைத் தாண்டினால் பூமிக்குப் போக வேண்டும். கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான். அடுத்தது இருபத்தொன்பது நாளில் கிளம்புகிறது. நோயாளிகளுக்கென்று நான்கு படுக்கை.

அதற்குள் நலமான எச்சிலுக்கு நான் எங்கே போவது?

நாள் 404. பகல் 11:30

புகையிலை தொடாதவர்கள் இந்த முகாமில் இரண்டே பேர். ஒருவர் சமையல்காரர் பிச்சைக்கனி. இன்னொருவர் நான். அவரிடம் உள்தொடர்பில் கேட்டேன். பதில், பதிந்தபடி:

"அய்யய்யோ, என் எச்சியயா? அத்தன பேரு எச்சிக்கும் பக்கத்துல என் எச்சிய வச்சுப் பாப்பியளா? சோறு பொங்குத கை இது டாக்டரம்மா. தெரிஞ்சா பயலுவ என் கையால ஒரு வாய் திம்பானுவளா? ஆள விடுங்க."

நான் டாக்டர் இல்லை என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. எச்சில் என்றால் இவர்களுக்கு இன்னும் தீட்டு. கோள் விட்டுக் கோள் வந்தாலும் அது மட்டும் கூடவே வருகிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

என் எச்சிலையே வைத்துவிட்டேன். படிவம் நிரப்பினேன். புகை: இல்லை. புகையிலை: இல்லை. மது: இல்லை. மற்றவை: ஒரு கோடு.

பிற்பகல் 15:40

பூமியிலிருந்து டாக்டர் நவநீதம்: "ஒருத்தர் எச்சில் போதாதும்மா. அளவுகோல்னா குறைஞ்சது இன்னொருத்தராவது சேரணும். அந்தச் சமையல்காரரை எப்படியாவது சம்மதிக்க வையுங்க."

அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். இங்கே சுத்தமான வாய் என்னுடையது ஒன்றுதான் என்று பதில் அனுப்பினேன்.

நாள் 409. மாலை 17:05

நாற்பத்தொரு பேரும் முடிந்தது. ஒருவர்கூட ஒன்றைத் தொடவில்லை. பாதிப் பேருக்கு அரைகூட இல்லை. புகையிலையை நாளெல்லாம் குதப்புகிறவன் வாய் என் வாயைவிட நன்றாக இருக்கிறதாம்! சத்துணவின் பலனாக இருக்கும். அறிக்கையில் 'அனைவரும் நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

சாப்பாட்டைப் பற்றிப் பிச்சைக்கனிக்கு இரண்டாவது புகார். சாம்பாரில் மிளகாயை அள்ளிக் கொட்டுகிறார், வாய் வெந்துபோகிறது. அவர் பதில்: "ஒரு வருசமா இதே காரம்தாம்மா போடுதேன். வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே." சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் ஒரு பொட்டலம் வாசனைப் பாக்கு போட்டுக்கொண்ட பிறகுதான் எரிச்சல் அடங்கியது.

நாள் 417. பகல் 13:20

சுரங்கத்திலிருந்து வயர்லெஸ். துளைக்கருவி ஓட்டும் ஏசுவடியான், தூத்துக்குடிக்காரர்:

"டாக்டரம்மா, நாக்குக்கு இடது பக்கம் சுருக்கு சுருக்குன்னு குத்துது. மூணு வாரமா இருக்கு. பல்லுதான்னு நெனச்சேன், பல்லு இல்ல. இந்தக் கப்பல்ல என்னை அனுப்பி விட்டுருங்கம்மா. படுக்க காலியாத்தான இருக்கு?"

வரவழைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வாய் இறுகியிருக்கிறதா என்று திறக்கச் சொல்லி மூன்று விரல் வைத்துப் பார்த்தேன், தாராளமாகப் போயின. எண்ணைத் திரும்ப எடுத்தேன், 0.7. அடுத்த வருடம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று போன வாரமே முகாம் முழுக்கப் பேச்சு. யாருக்குக் காது குத்தப் பார்க்கிறார்? எண் பொய் சொல்லாது, ஊருக்குப் போக இது ஒரு சாக்கு என்று, அவர் சுரங்கத்துக்குத் திரும்பியதும் வயர்லெஸில் எல்லோரும் கேட்கவே சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சரிம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நாள் 431. காலை 09:00

கப்பல் கிளம்பியது. நான்கு படுக்கையிலும் ஆய்வுக்கான பனிக்கட்டிப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிவிட்டார்கள்.

அதே கப்பலில் தம்பி அனுப்பிய பார்சல் வந்திருந்தது. ஊறுகாயைச் சமையற்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன், வாயில் வைக்க முடியவில்லை. பாக்கு இரண்டு கிலோ. அது போதும் எனக்கு.

நாள் 473. காலை 10:15

ஏசுவடியானின் நாக்கில் புண். ஒரு ரூபாய்க் காசு அகலம், ஓரம் தடித்திருக்கிறது. தொட்டால் ரத்தம். இதற்குப் பெயர் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை.

எச்சில் எடுத்தேன். 0.7.

மறுபடி எடுத்தேன். 0.7.

புண் என் கண் முன்னால் இருக்கிறது, கருவி நலம் என்கிறது. குப்பியை மாற்றினேன், கருவியைக் கழுவினேன். அதே எண்தான் வந்தது. பிறகு அளவுகோல் குப்பியைப் பார்த்தேன். அதன்மேல் என் கையெழுத்தில் என் பெயர்.

பகல் 12:50

பிச்சைக்கனி, உள்தொடர்பில்: "ஏசு அண்ணன் வாயப் பாத்தேம்மா. உங்க வாசல்ல டம்ளர் ஒண்ணு மூடி போட்டு வச்சிருக்கேன். என் எச்சிதான். யாருட்டயும் சொல்லிராதீய."

பிற்பகல் 16:30

பிச்சைக்கனியை ஒன்றாக வைத்துப் பார்த்ததில்:

ஏசுவடியான் 2.7.
ஞானமுத்து 2.4.
இருளப்பன் 2.2.
உமையாள் 3.8.

கப்பலில் இருந்தது நான்கு படுக்கை.

கண்ணாடி முன் நின்று என் வாயில் விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று போகவில்லை. இரண்டு போயின, அதுவும் தாடை வலிக்க. எப்போதிலிருந்து இப்படி? ஊரார் வாயெல்லாம் அளந்தவள் என் வாயை அளக்கவே இல்லை. பாக்கு கன்னத்தின் உட்சதையை இறுக்கும், காரம் தாங்க விடாது, பிறகு புற்றாகும். இதைப் பாடமாகவே படித்தவள் நான். ஆனால் கல்யாண வீட்டில் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கிற பொருள் எனக்கு ஒரு பழக்கமாகவே தோன்றவில்லை. புகையிலை போடுகிறவர்களைத் திட்டிக்கொண்டே வாயில் பாக்கை ஒதுக்கினேன். பாவி நான்.

நாள் 474. காலை 08:30

நான்கு பேரின் எண்ணையும் பூமிக்கு அனுப்பினேன். டாக்டர் நவநீதத்தின் பதில்: "கப்பலைத் திருப்ப முடியாதும்மா. கேட்டுப் பார்த்துட்டேன். வலிக்கு மருந்து எவ்வளவு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க." நான்தான் சொன்னேனே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞானமுத்துவிடமும் இருளப்பனிடமும் நேரில் சொன்னேன். ஏசுவடியானிடம் எல்லோரும் கேட்கத்தான் சொல்ல வேண்டும், அன்று அப்படித்தானே அவமானப்படுத்தினேன். வயர்லெஸில் சொன்னேன், அளவுகோல் நான்தான், தப்பு என்னுடையது என்று. அவர் துளைக்கருவியை நிறுத்தினார். பிறகு:

"நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்ன அன்னைக்கு நல்லா உறங்கினேன் டாக்டரம்மா. எம்மவட்டயும் சொல்லிட்டேன், அப்பாக்கு ஒண்ணும் இல்லட்டின்னு. இனி அவகிட்ட என்னன்னு சொல்ல?"

நான் டாக்டர் இல்லை என்று கடைசியாக ஒருமுறை சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

நாள் 688. காலை 07:40

ஏசுவடியான் இன்று விடியற்காலை போய்விட்டார். நான்கு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இருளப்பன் ஜெபம் சொன்னார், அவருக்குத் தெரிந்த மட்டும். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

நாள் 731. பகல் 12:10

ஒரு விரல் போகிறது. கஞ்சியைக் குழாயில் உறிஞ்சுகிறேன், உப்பு போட்டாலும் எரிகிறது. பேச்சு குழறுவதால் வயர்லெஸை அணைத்துவிட்டேன். இன்னும் பதினாறு மாதத்தில் கப்பல் வருமாம். வரட்டும்.

நாள் 790. நேரம் பார்க்கவில்லை

கண்டெடுப்பவருக்கு. பழைய படிவத்தில் ஒரு தவறு இருக்கிறது. திருத்திவிட்டுப் போகிறேன்.

பெயர்: உமையாள்.
புகை: இல்லை.
புகையிலை: இல்லை.
மது: இல்லை.
மற்றவை: பாக்கு. பதினேழு வருடம். நாளுக்கு எட்டுப் பொட்டலம்.
நிறுத்திவிட்டாரா: இல்லை. இப்போதும் வாயில்