ஆறரை மணிக் குளியல்

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் கண்ணாடி. இரண்டு மாதத்தில் மூன்றாவது ஜன்னல். உடைத்தவர் கையில் நாலு தையல். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "உங்க பையனாம்மா?" அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு ஐம்பத்திரண்டு. அவ்வளவு கிழவியாகவா தெரிகிறேன்?

வாய் தவறி "இன்ஸ்பெக்டருக்கு வலிக்குது, மெதுவா" என்றுவிட்டேன். போலீஸ் என்று நினைத்து மிரண்டுபோனாள். பேச்சு வராதவர், நாங்கள் நாலு பேரை வைத்துப் பார்த்துக்கொள்கிற இந்த வீட்டில் எந்தக் குழாய் சொட்டினாலும் எங்களை இழுத்துப்போய்க் காட்டாமல் விடமாட்டார், அதனால் வந்த பெயர் என்று விளக்குவதற்குள் தையலே முடிந்துவிட்டது.

மார்ச் 5, புதன்
தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். 28ஆம் தேதி அதிகாரி வந்து பார்ப்பாராம். இந்த வீடு இன்ஸ்பெக்டருக்குச் சரிப்படாது என்று தோன்றினால் பழைய விடுதிக்கே அனுப்பிவிடுவார்களாம். ஒரே ஹாலில் அறுபது கட்டில். ஒன்பது வயதிலிருந்து முப்பத்தேழு வரை அங்கேயே கிடந்தவர். இங்கே சொந்த அறை, கதவுக்குச் சாவி, வாடகை ஒப்பந்தம்கூட அவர் பெயரில்தான். அதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு எப்படி அனுப்புவது?

அவருடைய தங்கைக்குப் போன் செய்தேன். அழுதாள். "அங்க மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்கக்கா. அங்க அண்ணனுக்குன்னு ஒரு சீப்புகூட இருந்ததில்ல." பார்க்கலாம்மா என்றேன். என்னத்தைப் பார்ப்பது?

மார்ச் 7, வெள்ளி
டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு
வாயோரம் எச்சில் வழிய இன்ஸ்பெக்டர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு உடைத்ததே தேவலை.

மார்ச் 11, செவ்வாய்
காலையில் சுவரில் தலையை இடித்துக்கொண்டார். மாத்திரை போட்டும்தான்.

மார்ச் 14, வெள்ளி
கண்டக்டர் இன்றிலிருந்து மூன்று நாள் லீவு. மகளுக்குப் பிரசவம். பஸ்ஸில் இருபது வருடம் விசிலடித்துவிட்டு இங்கே காலை டூட்டிக்கு வந்த மனிதர். இங்கேயும் "உள்ள போ, உள்ள போ" என்றுதான் எல்லோரையும் கிளப்புவார். அவர் இல்லாமல் நாலு பேருக்கும் நான் ஒருத்தி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரையும் குளிப்பாட்டவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டதோடு சரி. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு
மூன்று நாளும் ஒரு சத்தம் இல்லை. மாத்திரை கேட்கிறது என்று டாக்டர் போனில் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்
கண்டக்டர் வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், மனிதருக்கு வாயெல்லாம் பல். ஆறரைக்கு இன்ஸ்பெக்டரை எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் துண்டு மாட்டுகிற கம்பி சுவரோடு பெயர்ந்து வந்தது.

"நான் என்னக்கா பண்ணேன்? சார்ட்டுல இருக்கறதத்தானே பண்ணேன்."

ஆமாம், டூட்டி சார்ட்டில் இருக்கிறது. எழுதியது யார்? நான்.

தங்கையைக் கூப்பிட்டு, விடுதியில் குளியல் எப்படி என்று கேட்டேன். "விடியறதுக்கு முன்னாடி வரிசையா நிக்க வெச்சு, ஹோஸ் பைப்பால அடிப்பாங்கக்கா."

நாலு வருஷம்! நாலு வருஷமா தினம் தினம் அந்த மனுஷன அதே மாதிரி தூக்கத்துல எழுப்பி இழுத்திருக்கேன். எதுக்கு? காலையிலதான் டூட்டிக்கு ரெண்டு பேர் இருக்கோம், அதுக்கு. அவருக்கு எப்ப குளிக்கப் பிடிக்கும்னு ஒரு தடவ யோசிச்சேனா? 'குளியலுக்கு ஒத்துழைப்பதில்லை'ன்னு ஃபைல் முழுக்க என் கையெழுத்து. பாவி. இதுல அனுபவம்னு வேற சொல்லிக்கறேன்.

மார்ச் 18, செவ்வாய்
சார்ட்டை மாற்றினேன். எழுந்திருப்பது அவர் இஷ்டம். குளியல் மாலையில், அவராக வந்தால். டாக்டரிடமும் சொல்லி மாத்திரையைக் குறைத்தாயிற்று. மாலைக்கு ஆள் இல்லை, அதனால் நான்தான்.

வீட்டில் என்னவரிடம் சொன்னேன். "அப்ப நான் உன்ன எப்ப பாக்கறது?"

"காலையில."

"காலையில உன் மூஞ்சிய யார் பாக்கறது?"

முப்பது வருடமாகியும் வாய் குறையவில்லை. சிரித்தேன்.

மார்ச் 20, வியாழன்
வரவில்லை. வாளித் தண்ணீர் ஆறிப்போயிற்று.

மார்ச் 22, சனி
இன்றும் இல்லை. பக்கத்தில் போனாலே நாற்றம். "அதிகாரி மூக்கப் பொத்திக்கிட்டே கையெழுத்துப் போட்டுருவாருக்கா" என்கிறார் கண்டக்டர். எனக்கும் அதே பயம்தான்.

மார்ச் 23, ஞாயிறு
மாலை ஆறே முக்கால். தோளில் துண்டோடு தானாக வந்து நின்றார். அரை மணி நேரம் குளித்தார். எதுவும் உடையவில்லை. நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 28, வெள்ளி
பதினொன்றுக்கு வருகிறேன் என்ற அதிகாரி ஒன்பதுக்கே வந்து நிற்கிறார். இன்ஸ்பெக்டர் நல்ல தூக்கம்.

"எழுப்புங்க, எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்."

கண்டக்டர் பழக்கதோஷத்தில் அறைப் பக்கம் கிளம்பிவிட்டார். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "சார், இது அவர் வீடு. தூங்கறார். உக்காருங்க, டீ போடறேன்."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். நீங்க தூங்கும்போது நான் உங்க வீட்டுக்கு வந்து எழுப்புங்கன்னா எழுப்புவாங்களா?"

வாய்க்கொழுப்பு. டீ போட்டு நீட்டினேன், பாதி சாஸரில். மனிதர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

பத்தே காலுக்கு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். தன் நாற்காலியில் யாரோ. தோளைத் தொட்டு எழுப்பினார், வாசல் வரை கூட்டிப்போனார், வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு வந்து உட்கார்ந்து டீ கேட்டுக் கை நீட்டினார்.

அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி
கடிதம் வந்துவிட்டது. 'குடியிருப்பவர் தம் வீட்டில் இருக்கிறார். இடமாற்றம் தேவையில்லை.' இரண்டே வரி. நாலு தடவை படித்தேன். தங்கைக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

மாலை டூட்டி முடிவதற்குள் மற்ற மூன்று பேருடைய ஃபைலையும் எடுத்துப் பார்த்தேன். நாலு வருடமாக அவர்களுக்கும் ஆறரைதான். அவர்கள் ஒன்றையும் உடைத்ததில்லை. அதனால் நான் கேட்டதும் இல்லை.