பெண் மீன் இல்லாத புத்தகம்

மார்ச் 3
பவளப்பாறை மீன் கணக்கெடுப்புக்குக் கையேடு தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். பதினொரு வருடமாகத் தண்ணீருக்குள் இறங்குகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையணை கனத்தில் வழவழப்பான புத்தகம். எங்கள் கணக்கெடுப்புக் குழுத் தலைவர் அதைத் தடவிக்கொண்டே, "படமெல்லாம் பாருங்க, அப்படியே கண்ணைப் பறிக்குது" என்றார். பறிக்கத்தான் செய்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு, சாம்பலாகத் தெரியும். விளக்கு போட்டு எடுத்த படத்தை வைத்து அங்கே எதை அடையாளம் காண்பது?

மார்ச் 4
புத்தகத்தில் பாதி மீன்கள் வேறு கடலைச் சேர்ந்தவை. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 9
நினைத்தபடியே ஆனது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒரே கிளிமீனை இரண்டு இனமாக எழுதியிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை. ஆண் பச்சை, பெண் பழுப்பு. புத்தகத்தில் ஆண் மட்டும்தான் இருக்கிறது. பெண் மீன் அழகாக இல்லை என்று விட்டுவிட்டார்கள் போல.
தலைவரிடம் போய்ச் சொன்னேன். "உங்களைக் கேக்காம தேர்ந்தெடுத்துட்டோம்னு கோபம்மா உங்களுக்கு" என்றார்.
கோபம்தான். அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா?

மார்ச் 12
நானே ஒரு கையேடு வாங்கினேன். சட்டைப்பையில் அடங்குகிறது. புகைப்படம் இல்லை, கையால் வரைந்த படங்கள். நம் கடல் மீன்கள் மட்டும். குஞ்சு, பெண், ஆண் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். இதைத் தலைவர் மேசையில் போட்டு வாயடைக்கப் போகிறேன்.
வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்து, "கடைசிவரைக்கும் எதைப் பொரிக்கலாம்னு சொல்லவே இல்லையே" என்றார். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 15
எப்படி எழுதுவது?
உதிர்ந்த பாசி மாதிரி ஆடி ஆடி மிதக்கும் சின்ன மீன். நான்தான் அதற்குப் 'பாசிக்குட்டி' என்று பேர் வைத்தேன். தனி இனம் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். கையேட்டில் இருக்கிறது — கல்லைப் புரட்டித் தின்னும் பெரிய மீனின் குஞ்சாம். அந்தப் பெரிய மீனையும் தனியாகத்தான் எழுதி வந்திருக்கிறேன்.
இப்படி இன்னும் மூன்று கிடைத்தன. பதினொரு வருடம்! புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் செய்த அதே தப்பு.

மார்ச் 16
என் பட்டியலில் நூற்று மூன்று இனங்கள். திருத்தினால் தொண்ணூற்றொன்பது. நூறு இருந்தால்தான் நாங்கள் எண்ணுகிற பாறைமேல் படகுகள் நங்கூரம் போடத் தடை வரும்.
தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "நல்ல காரியத்துக்குத்தானேம்மா. அப்படியே இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"
போன வாரம் கோபக்காரி. இன்றைக்கு நல்ல காரியத்துக்குக் கூட்டாளி. எனக்குத் தெரியுமே ஐயா, அது போதாதா? வாசல்வரை வந்த பிறகுதான் இது வாயில் வந்தது.

மார்ச் 20
மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்த நான்கு தவறு, யார் செய்தது என்பதையும் எழுதினேன்.
எங்களைப் பாறைக்குக் கூட்டிப்போகும் படகோட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒண்ணுதானே குறையுது, ஒரு ஒண்ணு" என்று எஞ்சினைப் பார்த்துச் சொன்னார். நங்கூரம் இழுத்து உடைத்த பாறைகளை என்னைவிட அதிகம் பார்த்தவர்.

ஏப்ரல் 11
இப்போதைக்கு நங்கூரத் தடை இல்லை. ஆனால் மேலிடத்தில் என் திருத்தத்தைப் படித்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் கடைசி முடிவு. அதுவரை முழுப் பாறையையும் மறுபடி எண்ண வேண்டும், நான் வாங்கிய அந்தச் சின்னக் கையேட்டை வைத்து. தலைவர் ஆளுக்கொன்று கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

ஏப்ரல் 18
இன்று முதல் நாள். மேலே வந்து துவட்டக்கூட இல்லை, புதிதாகச் சேர்ந்த பெண் நான் தண்ணீருக்குள் மீன்களைக் குறித்த பலகையை எட்டிப் பார்த்தாள்.
"அக்கா, அஞ்சாவது அது இல்லக்கா. வால்ல கோடு இருந்துச்சு."
"அதுக்கும் கோடு உண்டும்மா, நான் கிட்டப் போய்ப் பார்த்தேன்."
"நானும்தான் பார்த்தேன்."
ஈரக் கையோடு பக்கத்தைப் புரட்டினோம். நான் எழுதிய மீனுக்கு வாலில் கோடு இல்லை, அவள் சொன்னதற்கு இருந்தது. அழித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினேன்.