கருநாக்குக்காரனின் முறை

என் வாத்தியாரம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? நம் சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டதா?

இங்கே மாடிக் கட்டடங்களின் வெளிக் கண்ணாடி துடைக்க, கயிற்றில் தொங்கும் கூண்டில் ஏறுமுன், தினம் ஒருவர் அன்றைக்கு என்ன ஆபத்து வரலாம் என்று சொல்ல வேண்டும். பலகையில் 'ஆன்டிசிபேட்' என்று எழுதியிருக்கும். நீ கொடுத்த அகராதியில் பார்த்தேன்: எதிர்பார்த்தல், முன்னுணர்தல், ஆவலோடு காத்திருத்தல். பயப்படுதல் என்று போடவில்லை.

எல்லோரும் "தரை வழுக்கும்" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். திங்களன்று நான் மட்டும் கயிறு தேய்ந்திருக்கிறது என்றேன். மேஸ்திரி சிரித்தார். மதியமே கயிற்றில் ஒரு புரி அறுந்து கூண்டு சாய்ந்தது. பதறாதே, கீழே போனது வாளி மட்டும்தான்.

அதிலிருந்து யாரும் என் பக்கத்தில் சாப்பிட உட்காருவதில்லை. "உனக்குக் கருநாக்குய்யா, இனிமே வாயத் தொறக்காத" என்கிறார்கள்.

நாளைக் காலை மறுபடி என் முறை. கூண்டின் கொக்கியில் மயிரிழை போல ஒரு விரிசல் பார்த்தேன். சொன்னால் நடந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. தபால்காரர் வந்துவிட்டார். உன் வாய்முகூர்த்தம் பலிக்கும் என்று அம்மா சொல்வாளே, "பத்திரமா வந்துடுவீங்க" என்று இதைப் படித்தவுடன் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்