ஒன்றும் போடாத பாத்தி

மாமே சுடலைமுத்து,

பால்கார ஏகாம்பரம் வந்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தால் படித்த பேப்பரும் கையுமாக வெளியே வருவாயே, அப்படி வந்து நின்று கேள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் கோமதி எழுதுகிறாள். என் பேச்சு அப்படியே அச்சில் வந்தால் ஊர் சிரிக்கும் என்று அங்கங்கே அவளே திருத்திக்கொள்கிறாள். ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் போடும் இந்த வருஷத்து மலரில் இது வரப்போகிறதாம். நாலு பேர் படிக்கட்டும். நான் பேசுவது உன்னோடுதான்.

ஒரு சேதி சொல்ல வந்தேன். உன் பேத்தி நிவேதா வேளாண்மைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சேர்ந்ததும் பெரிது, அதில் நிலைத்து நின்றது அதைவிடப் பெரிது. அந்த நின்ற கதையை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீ கண்ணை மூடியபோது அவள் பதினொன்றாம் வகுப்பு. அடுத்த வருஷம் நல்ல மார்க் வாங்கினாள். உன் மருமகன் இன்ஜினியரிங் என்றார். இவள் விவசாயம் படிக்கிறேன் என்றாள். திருநெல்வேலியிலிருந்து வந்த உன் சொந்தங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று தலைமுறையாக ஃபாக்டரிச் சோறு தின்கிற குடும்பம், துளசிச் செடி வைத்திருக்கிற மண்கூட சர்க்காருடையது, இந்தப் பெண் எந்தச் சேற்றில் இறங்கப் போகிறாள் என்றார்கள். பேச்சை மாற்ற நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினேன்.

காரணம் நான்தான் என்கிறாள் அவள். பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் நான் கீரை போடுகிற துண்டு நிலம் உனக்குத் தெரியும். சின்ன வயதில் அங்கே வந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கேட்டாள். சாக்கடை கலந்த இந்த ஏரித் தண்ணீரில் கீரை மட்டும் கொழுத்துக்கொண்டு வருகிறது, பக்கத்திலேயே நெல் போட்டால் தாள் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடுகிறது, கதிரெல்லாம் பதராகப் போகிறது, ஏன் தாத்தா என்று. அது அப்படித்தான் என்றேன். என் அப்பா எனக்குச் சொன்ன பதில் அதுதான். அவளுக்கு அது போதவில்லை.

சேர்ந்த புதிதில் போனில் சொன்னாள், மண், தண்ணீர், மாடு, சந்தை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சிஸ்டமாகப் பார்க்கிற படிப்பு என்று. ஆவடி கடைத்தெருவில் கம்ப்யூட்டரைத்தானே சிஸ்டம் என்கிறார்கள்? கழனிக்கும் கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு என்னைப் போலவே பேசிக் காட்டினாள். "உன் எருமை, உன் கீரை, ஏரி, அபார்ட்மெண்டு சாக்கடை, கோயம்பேட்டு வெல, எல்லாம் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கினு கீது பாரு தாத்தா, அதான் சிஸ்டம்." போனை வைத்த பிறகும் நான் அதையே நினைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டேன். என் எருமை கோயம்பேட்டை இழுக்கிறது. இத்தனை வருஷம் கயிற்றைப் பிடித்திருந்த எனக்கு அது தெரியவில்லையே மாமே.

அளந்து பார்க்கிற குணம் உன்னிடமிருந்து வந்ததுதான். நம் முதல் சண்டை ஞாபகம் இருக்கிறதா? பால் ஊற்ற வந்த முதல் வாரம் என் அளவுக் குவளையைக் கையில் வாங்கி, உள்ளே போய் ஏதோ பாத்திரத்தில் ஊற்றி ஊற்றிப் பார்த்தாய். தண்ணீர் கலக்கிறவன் என்று என்னை நினைத்துவிட்டாய் எனக் கொதித்துப்போனேன். "இன்னா மாமே, பால்காரன்னா திருடனா?" என்றேன். நீ குவளையைத் திருப்பித் தந்து, "இது அடி புடைச்சிருக்கு வே. வீட்டுக்கு வீடு கூட ஊத்திட்டுப் போறீரு. உமக்குத்தான் நட்டம்" என்றாய். அன்றைக்குச் சேர்ந்த நட்பு.

அப்புறம் ஓர் ஆயுத பூஜைக்கு, குடும்பங்களை உள்ளே விடுகிற நாளில், என்னையும் தம்பி என்று சொல்லி ஃபாக்டரிக்குள் கூட்டிப்போனாய். சுற்றிலும் பெரிய பெரிய மிஷின். நீ அதையெல்லாம் விட்டுவிட்டு அளவு சரிபார்க்கிற உன் சோதனை அறைக்குள் கூட்டிப்போய் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினாய். உள்ளே எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஒரு இரும்புத் துண்டு. இதை யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது, தேயக் கூடாது, கைச்சூடு கூடப் படக் கூடாது என்றாய். "இது ஒரு வேலையும் செய்யாது வே. ஆனா அளவு பாக்குற மத்த கேஜ் எல்லாம் சரியா தப்பான்னு இத வச்சுத்தான் சொல்லணும்."

நான் என்ன சொன்னேன்? வேலையே செய்யாமல் மெத்தையில் படுத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிற ஆள் இவன் ஒருவன்தான் என்றேன். அதற்குப் பிறகு தெருவில் சோம்பேறி எவனைப் பார்த்தாலும் பெட்டிக்காரன் என்று பேர் வைத்துவிட்டேன். நீ கோபப்படவில்லை. உமக்குப் புரியும்போது புரியும் என்றாய். எப்போது என்று சொன்னாயா?

இப்போது அவள் கதைக்கு வருகிறேன்.

முதல் வருஷம் பொங்கல் லீவுக்கு வந்த நிவேதா, இனி காலேஜுக்குப் போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள். கோமதி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். பாடமெல்லாம் இங்கிலீஷில் ஓடுகிறது, ஒரு பரீட்சை போய்விட்டது. அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. அவளைப் படுக்கவைத்தது ஒரு பாத்தி.

அங்கே முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாத்தி கொடுத்து மக்காச்சோளம் போடச் சொல்கிறார்கள். யாருக்கு என்ன உரம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம். ஒருவருக்குத் தொழுஉரம், ஒருவருக்கு யூரியா, ஒருவருக்கு இரண்டும். இவள் எடுத்த சீட்டில் ஒன்றும் போடக் கூடாது என்று வந்துவிட்டது. தண்ணீர் விடலாம், களை எடுக்கலாம், உரம் மட்டும் ஒரு பொட்டுக்கூடக் கூடாது. போனில் படம் காட்டினாள். மற்றவர்களுடையது தோள் உயரம், கரும்பச்சை. இவளுடையது முழங்கால் உயரத்தில் மஞ்சள் பாய்ந்து நிற்கிறது. குவார்ட்டர்ஸ் பொண்ணு வளர்த்தால் இப்படித்தான் என்று கூடப் படிக்கிறவர்கள் கிண்டல். விவசாய வீட்டுப் பிள்ளைகள் நடுவில் இவள் ஒருத்திதான் ஃபாக்டரி வீடு.

எனக்கு அந்த வாத்தியார் மேல் ஆத்திரமாக வந்தது. படிக்க வந்த பிள்ளைக்குப் பட்டினிப் பயிரைக் கொடுப்பாரா ஒருவர்? விதைத்துவிட்டுச் சாகவிடுவது எங்கள் ஊரில் சாபம் மாமே.

சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிவர வேண்டும், கூட வா தாத்தா என்றாள். உன் மருமகனுக்கு லீவு இல்லை. நான் போனேன். போகும்போது என் கீரைக்கு வைத்திருந்த யூரியாவில் இரண்டு கை அள்ளி, கவரில் கட்டி, துண்டுக்குள் முடிந்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. படிப்பை விட்டால் விடட்டும், அந்தப் பயிராவது பிழைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

தெற்கே போகிற பகல் ரயில். காலேஜ் போய்ச் சேரும்போது ஆபீஸ் மூடுகிற நேரமாகிவிட்டது, நாளைக்கு வரச் சொன்னார்கள். பாத்தியைக் காட்டு என்றேன். வெயில் சாய்ந்திருந்தது. வயலில் ஆள் இல்லை.

படத்தில் பார்த்தது பரவாயில்லை. நேரில் அதைவிட மோசம். கீழ் இலையெல்லாம் நுனியிலிருந்து நடு நரம்போடு மஞ்சள் ஓடி, காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி நின்றன. நான் துண்டை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்துக் குனிந்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"தாத்தா, போடாதீங்க."

"யாரு பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்கமாட்டாங்க."

"அப்புறம் இன்னா? நீதான் போகப் போறியே."

அவள் பிடியை விடவில்லை. சுற்றி இருந்த பச்சையைப் பார்த்தாள், தன்னுடைய மஞ்சளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அதெல்லாம் எவ்ளோ வளந்திருக்குன்னு இத வச்சித்தான் தாத்தா சொல்லணும். இதுக்கு ஒரு வாய் குடுத்துட்டா, கிளாஸ்ல எல்லாரோட பாத்தியும் பொய்யாயிடும்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டது போல நின்றாள். வகுப்பில் இதை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்கள், காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். என் கையைப் பிடித்தபோதுதான் அது அவளுக்குள் இறங்கியிருக்கிறது.

மாமே, அந்த மரப்பெட்டி என் கண் முன்னால் திறந்துகொண்டது. எண்ணெய்த் துணி, இரும்புத் துண்டு, கைச்சூடு கூடப் படக் கூடாது என்ற உன் குரல், எல்லாம். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்தது. நீ அவளிடம் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இதோ, எழுதிக்கொண்டிருக்கிற கோமதிக்கே இப்போதுதான் தெரிகிறது, பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். அப்படியானால் என் மணிக்கட்டைப் பிடித்த கை யாருடையது?

பிடியில் இருந்த யூரியாவை அப்படியே கவரில் திருப்பிப் போட்டேன். ஒரு மணி கூடக் கீழே விழக் கூடாது என்று உள்ளங்கையைத் துண்டில் துடைத்தேன். அவள் பையிலிருந்து அளவுகோலை எடுத்துச் செடி செடியாக உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தாள். உயரம் எவ்வளவு, எத்தனை இலை, எது வரை மஞ்சள். பக்கத்தில் ஒரு கிழவன் நிற்பதையே மறந்துவிட்டாள். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். வாடுகிற பயிரைக் கண்டால் தண்ணீரைத் திருப்பு, எருவைக் கொட்டு, இவ்வளவுதான் என் பிழைப்பு. அதை வாடவிட்டு, ஆனால் விட்டுப் போகாமல், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அது சொல்வதை உண்மையாகக் கேட்டுக்கொள்வது என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும்! என்னால் முடிந்திருக்காது.

ஹாஸ்டல் வாசலில் என்னை வழியனுப்பும்போது சர்டிபிகேட் பேச்சே இல்லை. "நீ ஊட்டுக்குப் போ தாத்தா. எனக்கு நாளைக்கு லேப் கீது" என்றாள், என் வாயாலேயே என்னைக் கிண்டல் பண்ணி.

தோற்ற பரீட்சையை மறுபடி எழுதித் தேறினாள். அறுவடையில் அவள் பாத்தியில் கிடைத்தது ஒரு சின்னக் கூடை. அதை நடுவில் வைத்துத்தான் மற்ற எல்லோருடைய விளைச்சலையும் பேசினார்களாம். அவள் குறித்துவைத்த அளவில் ஒரு பிசகு இல்லை என்று அந்த வாத்தியாரே எல்லோர் முன்னாலும் சொன்னார். அவரைத் திட்டியதை நான் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன். இந்த வருஷம் வகுப்பில் முதல் வரிசை மார்க். என் நெல் ஏன் சாய்கிறது என்பதையும் சொல்லிவிட்டாள். சாக்கடைத் தண்ணீரில் இலைக்குத் தீனி அதிகமாம், அதனால் நெல்மணிக்கு ஏறுவதில்லையாம். புதிதாகச் சேருகிற பிள்ளைகளில் யாருக்கு அந்த வெறும் சீட்டு விழுகிறதோ, அழுதுகொண்டு நிற்கிற அந்தப் பிள்ளையை இவளிடம்தான் அனுப்புகிறார்கள். கிண்டல் பண்ணினவர்கள்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம்.

அந்த யூரியா இன்னும் என் வீட்டில் அதே கவரில் இருக்கிறது. கீரைக்குப் போட மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்கும் பெட்டிக்காரன் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த லீவுக்கு என் நிலத்தை அளந்து பார்க்க வருகிறாளாம். எந்தப் பாத்திக்கு எது போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு ஒரு பாத்தியை உரம் போடாமல் சும்மா விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறாள். நேற்றே விதைத்துவிட்டேன். ஏரியைப் பார்த்த ஓரத்தில், நான் தினமும் கடந்து போகிற இடத்தில். அது மஞ்சளாகும். என் கை பரபரக்கும். நீ பெட்டியைக் காத்தது போல நான் அதைக் காப்பேன் மாமே. ஒரு மணி உரம் அதில் விழாது. அவள் வந்து அளக்கிறவரை என் கைச்சூடு அதில் படாது.

உன் பேத்தியிடம் பாடம் கேட்கும்
உன் மச்சான் ஏகாம்பரம்