இடம் தெரிந்துவிட்டது, அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

நேற்று உங்களை நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அம்மா இரவெல்லாம் அயர்ந்து தூங்கினாள். நீங்கள் காணாமல் போனதிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மழை பொய்த்த வருடம், மேய்ச்சலுக்காக நமக்கும் மலைக்காரர்களுக்கும் சண்டை மூண்டது. மாடுகளை ஓட்டிவர மேலே போன நீங்கள் திரும்பவில்லை. நம்மவர்கள் ஏறிப்போய் அவர்கள் குடிசைகளைக் கொளுத்தினார்கள். பிறகு பல வருடம் அவர்கள் சந்தைக்கு இறங்கவில்லை. நாங்கள் மலைக்கு ஏறவில்லை.

இந்த மாசியில்தான் இரு பக்கத்துப் பெரியவர்களும் அடிவாரத்தில் கூடினார்கள். நடந்ததை இனி யாரும் பேசக்கூடாது, வழியைத் திறந்துவிடலாம் என்று முடிவாகிற நேரத்தில் நான் எழுந்தேன்.

"வழிய தொறங்க. எங்கப்பாவ எங்க பொதச்சாங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

மலைப் பக்கத்திலிருந்து வெள்ளச்சி எழுந்தாள். அவளுடைய மாமியார் அந்த நெருப்பில் செத்தவர். "எங்க வூட்டுக்கு நெருப்பு வச்சது யாரு? அத உங்க ஆளுங்க சொல்வாங்களா?"

நான் எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். சொன்னால் தூக்குத்தான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். வெகுநேரம் பேசி, உண்மையைச் சொல்கிறவரைப் போலீசில் காட்டிக்கொடுப்பதில்லை, செய்த கேட்டுக்கு அவரே தன் கையால் ஈடு செய்ய வேண்டும் என்று முடித்தார்கள். எங்கள் இருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். தலையசைத்தோம்.

முதலில் எழுந்தது சித்தப்பா. உங்கள் தம்பியேதான். "நான்தான் வச்சேங்க. உள்ள ஆளு இருக்குன்னு தெரியாது."

வெள்ளச்சி முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் குப்பன் என்கிற மலைக்காரர், உங்களைக் கல்லால் அடித்தது தான்தான் என்றார். ஓடைக்கு மேலே புதைத்த இடத்தை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். எலும்போடு கிடந்த உங்கள் செபமாலையைப் பார்த்ததும் நீங்கள்தான் என்று தெரிந்தது.

நேற்று குழி வெட்டியதும் அவர்தான். அம்மா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவரைத் தண்டிக்காமல் விட்டது நியாயமா, அப்பா? இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இத்தனை நாள் மலைக்காரர் யாரையாவது தூரத்தில் கண்டாலும், இவரோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்று காலை சந்தைக்கு அவர்கள் தேன் கொண்டுவந்திருந்தார்கள். பயமில்லாமல் பக்கத்தில் போய் நின்றேன்.

சித்தப்பா வெள்ளச்சிக்கு வீடு கட்ட மேலே போயிருக்கிறார். கூரை வேய்கிற அன்று நானும் போவேன். அவள் மாமியாரின் பெயரைக் கேட்டு வந்து, உங்கள் பெயரோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொல்ல வைப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
லூர்து