பட்டை நிப்பும் கறுப்பு மையும்

ஆடி 12, திங்கள்
காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் துணி நிற்கவில்லை. பேனா பார்சல் வந்தது. பட்டை நிப்பு இரண்டு, 1.1, 1.9 மில்லிமீட்டர். கூடவே கறுப்பு மை ஒரு புட்டி. ஃபோனில் நானே ஆர்டர் போட்டது. அழகாக எழுதுவதற்கான பேனாவாம். எனக்கு எழுத்து எதற்கு, படம் போடக் கோடு தெரிந்தால் போதும். இரண்டு கண்ணிலும் புரை. மெல்லிய பேனாவில் நான் போடும் கோடு எனக்கே தெரிவதில்லை.

மை ஊற்றிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மூடி வைத்தார்.

1.9: கீழே இழுத்தால் பட்டை, பக்கவாட்டில் போனால் மயிரிழை. தென்னைக்கு ஒரே இழுப்பு. தெரிந்தது. சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன்.

ஆடி 14, புதன்
சாரல். குச்சனூர் வாய்க்கால் கரை. இவர் குடை பிடிக்க, நான் மலை போட்டேன். ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது. மலைமேல் மேகம், நான் போடாமலே. நல்ல கறுப்பு என்றேன். ம் என்றார்.
வாங்க: தடித்த தாள், உளுந்து, கண் சொட்டு மருந்து.

ஆடி 17, சனி
திங்கள் வலது கண் ஆப்பரேஷன். ஆடியில் எதற்கு என்று நாத்தனார். டாக்டருக்கு ஆடியாவது ஆவணியாவது. பயமாக இருக்கிறது. ஏதாவது ஆனால் இந்தப் பட்டைக் கோடும் போச்சு. யாரிடமும் சொல்லவில்லை.

பேப்பர் படிக்கும் இவரை வரைந்தேன். மூக்குக்கு 1.9. மகளுக்கு ஃபோனில் அனுப்பினோம். கூப்பிட்டு, ஏம்மா இது, என்று ஆரம்பித்தாள். இவர் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஆடி 20, செவ்வாய்
கட்டுப் பிரித்தாயிற்று. நர்ஸம்மா, "ஐயா வெளிய நிக்கிறாக, வரச் சொல்லவாம்மா?" என்றாள். முதலில் தெரிந்தது இவர் சட்டைப் பொத்தான். அப்புறம் மூன்று நாள் தாடி. டாக்டர் நன்றாயிருக்கட்டும். நர்ஸம்மாவும்.

வீட்டில் படங்களை எடுத்தேன். மலை நீலம். தென்னை நீலம். இவர் மூக்கும் நீலம். வலது கண்ணை மூடி, புரை இருக்கும் இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் கறுப்பு. புட்டியில் நீலம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆர்டர் போடும்போது தப்பாக அமுக்கியது நான்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோடு தெரியுதுன்னு அழுத. அப்பப் போயி நான் என்னத்தச் சொல்ல?"

மகள் வாயையும் இவர்தான் அடைத்திருக்கிறார். இந்த மனுசன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ.

கறுப்பு வாங்கி வரவா என்றார். இது தீரட்டும் என்றேன். இன்னும் முக்கால் புட்டி இருக்கிறது.